அருகிருந்து அளித்தல்

தரமணிக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று நூலகங்களின், ஆய்வு நிறுவனங்களின் தரமணி. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், கணித அறிவியல் நிறுவனமும் இயங்குவது இங்கேதான். மற்றொன்று, 2000-ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பிறகு வரிசையாக எழுந்த கண்ணாடிக் கட்டடங்களின் தரமணி. முதலாவதைத் தேடி வரும் எங்களைப் போன்றவர்களும் இரண்டாவதைச் சேர்ந்தவர்களும் ஒரே பறக்கும் ரயிலில் நெருக்கியடித்து வந்து இறங்குகிறோம். அவர்களை அடையாளம் காண்பது எளிது. கழுத்தில் ஒரு பட்டை இருக்கும். அதன் நுனியில் ஓர் அட்டை தொங்கும்.

மாதம் ஒருமுறை தரமணியில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், எப்படியோ ஒருநாள் பேச்சு அந்த அட்டையின் பக்கம் திரும்பியது. கதவருகே உள்ள பெட்டிக்கு நேரே அதைக் காட்டினால் கதவு திறந்துகொள்கிறது. மெட்ரோ ரயிலுக்கென 2023-இல் வந்த சிங்காரச் சென்னை அட்டையும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. அட்டைக்குள் ஒரு சில்லு இருக்கிறது. அது கணக்குப் போடுகிறது. தன் எண்ணைச் சொல்கிறது. கேட்பவர் உரியவர்தானா என்று சோதிக்கவும் செய்கிறது. ஆனால் அட்டையில் மின்கலம் கிடையாது. வாங்கிய நாள் தொட்டு நாம் அதற்கு ஒருமுறைகூட சார்ஜ் ஏற்றியதில்லை.

“அப்போ அதுக்குச் சாப்பாடு யார் போடறாங்க?” என்று கேட்டார் எங்களில் மூத்தவர்.

அன்று எங்களிடம் இருந்தது அரைகுறைப் பதில்தான். பிறகு தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க, அது அட்டையோடு நிற்கிற விஷயமில்லை என்பது விளங்கியது.

*

1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த உண்மை எளியது. ஒரு கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டம் மாறும்போது, அதைத் தொடாமல் அருகில் இருக்கும் இன்னொரு சுருளிலும் மின்னோட்டம் பிறக்கிறது. சீராக ஓடும் மின்னோட்டத்தால் இது நடப்பதில்லை; மாற்றம் வேண்டும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும், நம் சமையலறைகளில் இடம்பிடித்துவிட்ட இண்டக்‌ஷன் அடுப்பும் இந்த ஒரே உண்மையின் பிள்ளைகள்.

மெட்ரோ ரயில் நிலைய வாயிலில் உள்ள பெட்டிக்குள்ளும் அப்படி ஒரு சுருள் இருக்கிறது. அதில் மின்னோட்டம் நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை அலைவுறுகிறது. பொறியாளர்கள் இதை 13.56 மெகாஹெர்ட்ஸ் என்பார்கள். நம் அட்டையின் பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவில் சில சுற்றுகளே கொண்ட மெல்லிய சுருள் ஒன்று மறைந்திருக்கிறது. இரண்டும் அருகில் வரும்போது வாயிலின் ஆற்றலில் ஒரு துளி அட்டைக்குள் இறங்குகிறது. சில்லு விழித்துக்கொள்கிறது. கையை விலக்கியதும் மீண்டும் உறங்கிவிடுகிறது. ஆக, வாயிலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும், பெரியவர் சொன்ன அந்தச் சாப்பாட்டை வாயிலே அட்டைக்கு ஊட்டிவிடுகிறது.

ஆனால் இந்த ஊட்டல் மிக அருகில் மட்டுமே நடக்கும். சுருளின் அளவைத் தாண்டி விலகத் தொடங்கிவிட்டால், தூரம் இரு மடங்காகும்போது காந்தப் புலம் எட்டில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். பெறக்கூடிய ஆற்றலோ ஏறத்தாழ அறுபத்து நான்கில் ஒரு பங்காகிவிடும். ‘அண்மைப் புலம்’ என்று இதற்குப் பெயர் வைத்தவர்கள் சரியாகவே வைத்தார்கள்.

இதைவிட எங்களை வியக்க வைத்தது, அட்டை பதில் சொல்லும் விதம். அதற்கென்று தனிக்குரல் இல்லை. தான் பெறும் ஆற்றலைக் கணத்துக்குக் கணம் சற்றே கூட்டியும் குறைத்தும் வாங்குகிறது, அவ்வளவுதான். கொடுக்கும் சுருள் தன்மீது விழும் அந்தச் சுமையின் ஏற்ற இறக்கத்தை உணர்ந்து, அதையே சொல்லாகப் படித்துக்கொள்கிறது. வாங்கும் விதமே அங்கு பேச்சாகிறது.

இதைக் கேட்டதும் எங்கள் மூத்தவர் நன்னூலின் பாயிரத்தை நினைவூட்டினார். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கல்வியைப் பற்றிப் பேசும் பவணந்தி முனிவர், கொடுப்பவனின் தன்மை, கொடுக்கும் முறை, கொள்பவனின் தன்மை, கொள்ளும் முறை என்று நான்கையும் தனித்தனியாக வகுக்கிறார். கொள்வதற்கும் ஒரு முறை உண்டு, அது கொடுப்பவனுக்குச் செய்தி சொல்லும் என்பது வகுப்பறையில் நின்றவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான் என்றார். “பையன் புரிஞ்சு வாங்கறானா, சும்மா வாங்கறானான்னு அவன் வாங்கற தினுசிலேயே தெரிஞ்சுடும், தம்பி.”

*

கம்பியில்லாமல் ஆற்றலைக் கடத்தும் கனவு தொலைவின் கனவாகத்தான் தொடங்கியது. நிகோலா டெஸ்லா 1899-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பெரும் சுருள்களை நிறுவிச் சோதனைகள் செய்தார். 1901-இல் நியூயார்க் அருகே வார்டன்கிளிஃப் கோபுரத்தை எழுப்பத் தொடங்கினார். உலகம் முழுவதற்கும் செய்தியோடு மின்சாரத்தையும் கம்பியின்றி அனுப்பிவிடலாம் என்று நம்பினார். பணம் போட்ட ஜே.பி. மார்கன் மேற்கொண்டு தர மறுத்தார். பணி நின்றது. 1917-இல் கோபுரத்தை இடித்துவிட்டார்கள். நூற்றாண்டு கழித்து, 2007-இல், எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இரண்டு மீட்டர் தூரத்தில் ஒரு 60 வாட் விளக்கை எரித்துக் காட்டியபோது அது உலகச் செய்தியானது. அதற்கே மனிதர் கட்டியணைக்கும் அளவுக்குப் பெரிய சுருள்கள் தேவைப்பட்டன. அனுப்பியதில் பாதிக்கும் குறைவாகவே போய்ச் சேர்ந்தது.

அன்றாட வாழ்வில் வென்றது தொலைவைக் கைவிட்டவர்களின் வழி. கைப்பேசியைத் தட்டின்மேல் கிடத்தி மின்னேற்றம் செய்யும் ‘சீ’ முறை 2008-இல் உருவான கூட்டமைப்பு ஒன்றின் ஆக்கம். அது குறைந்த அலைவெண்ணில், பெரிய சுருளோடு வேலை செய்கிறது. கைப்பேசியின் முதுகில் அந்தச் சுருளுக்கு இடம் உண்டு. மோதிரத்திலோ, எழுதுகோலிலோ, காதுக்குள் செருகும் கருவியிலோ அதற்கு இடமில்லை.

அங்கேதான் அட்டையின் தொழில்நுட்பம் திரும்பவும் வருகிறது. சோனியும் பிலிப்ஸும் 2002-இல் அறிவித்து, நோக்கியாவும் சேர்ந்து 2004-இல் அமைப்பாக்கிய அண்மைப் புலத் தொடர்பு இன்று கைப்பேசிகள் பலவற்றில் இருக்கிறது. கடையில் பணம் கட்டக் கைப்பேசியைக் கருவியருகே காட்டுகிறோமே, அதுதான். அந்த அமைப்பு 2020-இல் மின்னேற்றத்துக்கென ஒரு விதிமுறையை வெளியிட்டது. பேசுவதற்கு வைத்த அதே சிறிய சுருளின் வழியாக, கால் வாட் முதல் ஒரு வாட் வரை ஆற்றலையும் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். ஒரு வாட் என்பது கைப்பேசிக்குப் போதாது. காதுக்குப் போதும்.

அந்த விதிமுறையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கொடுப்பவர் எடுத்த எடுப்பில் கொட்டிவிடுவதில்லை. முதலில் இரு கருவிகளும் பேசிக்கொள்கின்றன. எவ்வளவு தாங்குவாய் என்று கேட்கப்படுகிறது. வாங்குபவர் தன் அளவைச் சொல்கிறார். சிறிது நேரம் ஆற்றல் பாய்கிறது. பிறகு நின்று மறுபடியும் பேச்சு. சூடேறினால் சொல்லலாம், நிறைந்துவிட்டால் போதும் எனலாம். சோறு போடுகிறவர் இலையைப் பார்த்துக்கொண்டே பரிமாறுவதைப் போல.

*

கருவிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வசதியைப் பற்றியே பேசுகிறார்கள். கம்பி செருகும் வேலை மிச்சம், மேசை சுத்தமாக இருக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த அளவோடு நின்றிருந்தால் நாங்கள் இதை எழுதியிருக்க மாட்டோம். ஒரு கம்பியைச் செருகுவது ஆரோக்கியமான விரல்களுக்குப் பெரிய பாரமில்லை.

எங்கள் மூத்தவருக்கு எண்பது நெருங்குகிறது. திருமயிலையில் ரயிலேறித் தரமணியில் இறங்கி, படிகளில் நின்று நின்று வருவார். இரண்டு காதிலும் காது மெஷின் உண்டு. அது 312 எண்ணுள்ள பட்டன் செல்லில் ஓடுகிறது. எட்டு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான விட்டம். மூன்றரை மில்லிமீட்டர் கனம். ஒரு பக்கத்தில் பழுப்பு நிறத் தாள் ஒட்டியிருக்கும். அதை உரித்தால் நுண்துளைகள் வழியே காற்று உள்ளே போகும். துத்தநாகம் காற்றோடு வினைபுரிந்து மின்சாரம் பிறக்கும். உரித்த பிறகு, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் செல்லின் ஆயுள் தேயத் தொடங்கிவிடும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். பிறகு வேறு செல்.

செல் தீரும் முன் மெஷின் காதுக்குள் ஒலியெழுப்பி எச்சரிக்கும். அவர் சட்டைப்பையிலிருந்து செல் அட்டையை எடுப்பார். விரல்கள் நடுங்கும். தாள் உரியும்; செல் நழுவும்; மேசையின் கீழே எங்காவது உருண்டோடிவிடும். நாங்கள் நான்கைந்து பேர் கைப்பேசி விளக்கோடு தரையில் தவழ்ந்து தேடியிருக்கிறோம். அந்தத் தேடலை அவர் விரும்பியதில்லை. அதனால் சில கூட்டங்களில் எச்சரிக்கை ஒலித்தும் அவர் செல்லை மாற்றவில்லை. பேசுபவரின் முகத்தைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். ஒரு சிறுகதையைப் பற்றிய விவாதம் முழுவதும் அவர் மௌனமாக இருந்த நாளில், கதை பிடிக்கவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டோம். பின்னொரு நாள் அவரே சொன்னார்:

“கேட்காம இருக்கறது ஒண்ணும் கஷ்டமில்லை, தம்பி. கேட்கற மாதிரி தலையாட்டறதுதான் கஷ்டம்.”

செவித்திறன் குறைந்தவர்கள் வீட்டிலும் சபையிலும் மெல்ல விலகிப்போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மூப்பின் இயல்பு, பிடிவாதம், ஆர்வக்குறைவு என்று பல பெயர்கள் சூட்டுகிறோம். விலகலுக்கு ஒரு காரணம், மூன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு பொருளை விரல்களால் பிடிக்க முடியாமையாகவும் இருக்கலாம் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. இரவில் கழற்றி ஒரு தட்டில் வைத்தால் காலையில் நிறைந்திருக்கும் செவிக்கருவி, அந்த விரல்களுக்குத் தரும் விடுதலை சிறியதன்று. துளையைத் தேடிச் செருக வேண்டியதில்லை. முனை எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டியதில்லை. கருவியில் துளையே இல்லாவிட்டால் சென்னையின் வியர்வையும் உப்புக்காற்றும் உள்ளே புகும் வழிகளில் ஒன்று அடைபடுகிறது.

*

இந்தத் தொழில்நுட்பத்தின் மூத்த உறவினர் சென்னையில் பல ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறார் என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பிறவியிலேயே செவித்திறன் இல்லாத குழந்தைகளுக்குப் பொருத்தப்படும் காக்ளியர் இம்பிளாண்ட் என்னும் உட்செவிக் கருவியைச் சொல்கிறோம். ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள மெட்ராஸ் இ.என்.டி. ஆராய்ச்சி அறக்கட்டளை இச்சிகிச்சையில் நாடறிந்த இடம். அதன் நிறுவனர் மருத்துவர் மோகன் காமேஸ்வரனுக்கு 2006-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. தமிழ்நாடு அரசின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது.

அக்கருவியின் உட்பகுதி, காதுக்குப் பின்னே தோலின் அடியில் வைத்துத் தைக்கப்படுகிறது. அதில் மின்கலம் இல்லை. தோலுக்கு வெளியே காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்டமான சுருள் ஒன்று உண்டு. உள்ளே இன்னொரு சுருள். வெளிச்சுருள் ஒலியின் செய்தியையும், அதைக் கேட்கச் செய்வதற்கான ஆற்றலையும் ஒன்றாகவே தோல் வழியே அனுப்புகிறது. அலைவெண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அடிப்படை, மெட்ரோ வாயிலில் நடக்கும் அதே ஃபாரடேயின் விளைவுதான். அந்தக் குழந்தை ‘அம்மா’ என்ற அழைப்பைக் கேட்கும் ஒவ்வொரு கணமும், சில மில்லிமீட்டர் தசையைக் கடந்து ஒரு சுருள் இன்னொரு சுருளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது. வெளிச்சுருள் விலகினால் ஒலியும் விலகிவிடும்.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். அறுவை சிகிச்சை ஒருநாள் நிகழ்ச்சி. வெளிக்கருவிக்கு மின்கலம் வாங்குவது வாழ்நாள் நிகழ்ச்சி. சுருளின் கம்பி அறுந்தால் புதிது வேண்டும். மின்கலம் தளர்ந்தால் புதிது வேண்டும். நாள்கூலியில் வாழும் ஒரு குடும்பத்தில் இந்தச் செலவு அரிசிக்கும் வாடகைக்கும் அருகில் வந்து நிற்கிறது. தோலுக்குள் இருப்பது எவ்வளவு விலையுயர்ந்த கருவியாக இருந்தாலும், வெளியே இருக்கும் அந்தச் சிறு மின்கலம் உயிரோடு இருக்கும்வரைதான் அது கேட்கும்.

*

கம்பியில்லா மின்னேற்றத்தை நாங்கள் வாழ்த்திவிட்டுப் போக முடியாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தரமணியின் தாழ்ந்த தெருக்களும் நீரில் நின்றன. வேளச்சேரியில் வசிக்கும் எங்கள் நண்பர் வீட்டில் மூன்று நாட்கள் மின்சாரம் இல்லை. அவருடைய தாயார் அணிந்திருந்தது புதிய வகை. தட்டில் வைத்து மின்னேற்றும் செவிக்கருவி. இரண்டாம் நாள் பகலிலேயே அது அடங்கிவிட்டது. தெருவில் படகு வந்து அழைத்ததையும், மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்கள் கத்தியதையும் மகன் தோளைத் தொட்டுச் சைகையில் சொன்ன பிறகே அந்த அம்மா அறிந்தார். அதே நாட்களில் மயிலாப்பூரில் எங்கள் மூத்தவர் பட்டன் செல்லைப் போட்டுக்கொண்டு டிரான்சிஸ்டரில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். பழைய செல் மருந்துக்கடையில் கிடைக்கும், சட்டைப்பையில் இருக்கும், மின்வாரியத்தை நம்பியிராது.

புதிய கருவிகளின் மின்கலம் பெரும்பாலும் உள்ளேயே வைத்து மூடப்பட்டிருக்கிறது. சில ஆண்டுகளில் அது களைத்துப்போகும். அப்போது கருவி நன்றாகவே இருந்தாலும், திறந்து மாற்ற நம் தெருவில் ஆள் இல்லை. ஒரு நிறுவனத்தின் தட்டு இன்னொரு நிறுவனத்தின் கருவிக்குப் பொருந்துவதும் அரிது. தட்டு தொலைந்தால் கருவியும் தொலைந்ததற்குச் சமம்.

அதனால்தான் அந்த 2020-ஆம் ஆண்டின் விதிமுறை எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. அது ஒரு தனி நிறுவனத்தின் சொத்தாக இல்லாமல் பொது மொழியாக எழுதப்பட்டிருக்கிறது. அதன்படி, தட்டு மட்டுமல்ல, கைப்பேசியே கொடுப்பவராக இருக்க முடியும். கைப்பேசியின் மின்கலம் கொள்ளும் ஆற்றலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் செவிக்கருவியின் மின்கலம் கொள்ளும். வழியில் வெப்பமாகச் சிதறுவதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், கைப்பேசிக்கு அது பெரிய இழப்பில்லை. அந்த வேளச்சேரி வீட்டில் மூன்று கைப்பேசிகள் இருந்தன. இரண்டாம் நாளில் அவற்றில் ஏதோ கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அந்த மிச்சத்தில் ஒரு துளி அம்மாவின் காதுக்குப் போகும் வழிதான் இல்லை.

விதிமுறை எழுதப்பட்டுவிட்டால் மட்டும் போதாது. செவிக்கருவி செய்பவர்களும் கைப்பேசி செய்பவர்களும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அரசு கொடுக்கும் கருவிகளை வாங்கும்போது, பொதுமுறையில் மின்னேற்றம் ஆகுமா, மின்கலத்தை மாற்ற முடியுமா என்ற இரு கேள்விகளும் ஒப்பந்தப்புள்ளியில் இடம்பெற வேண்டும். நாம் நம் பெற்றோருக்கு வாங்கும்போதும் கடையில் விலையைக் கேட்பதற்கு முன் இவ்விரண்டையும் கேட்கலாம். கூடவே, வீட்டில் ஓர் அட்டை பட்டன் செல்லில் ஓடும் பழைய மெஷினைத் தூக்கியெறியாமல் வைத்திருப்பது நல்லது.

எங்கள் மூத்தவர் இன்னும் புதிய வகைக்கு மாறவில்லை. மாறுவதாக இருந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவர் அதைப் படித்துவிட்டு, ‘மின்னேற்றி’ என்ற எங்கள் சொல்லை அடித்து, ‘ஊட்டுவான்’ என்று மேலே எழுதித் திருப்பித் தந்தார். எந்தச் சொல் நிலைக்கும் என்பது பொருள் கடைக்கு வந்த பிறகு தெரியும்.